பந்தைக் கொடுத்தார்கள், பதவியைக் கொடுக்கவில்லை!

கொள்ளிடத்தின் வடகரையிலே திருமானூர். அரியலூரிலிருந்து தஞ்சைக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடக்கும் இடம். ஐப்பசி, கார்த்திகையில் கரையை முட்டிக்கொண்டு ஓடும் ஆறு, கோடையிலே வெறும் மணற்காடாகக் கிடக்கும். அப்படியொரு கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கழகத் தோழர் ஒருவரோடு அந்தப் படுகையோரம் நாம் நின்றிருந்தோம். இளைஞர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்களிலிருந்து வந்திருந்த இரண்டு அணிகள். சிமெண்டு ஆலைக்குப் போகிறவர்கள், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள் எல்லாரும் கலந்த கூட்டம். பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

அவர்களில் ஒல்லியான இளைஞன் ஒருவன் பந்து வீசினான். வீசினான் என்றா சொன்னோம்? எதிரணியைச் சாய்த்தான்! 6 பேர் அவன் கைக்கு இரையானார்கள். விடியற்காலையில் வந்து களிமண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஆடுகளத்தை அடித்துக் கெட்டிப்படுத்தியவனும் அவன்தானாம். ஆட்டம் முடிந்தது. கோப்பை வழங்கும் நேரம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட வேறொருவர் முன்னே போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டார். அவர்தான் காப்டனாம்! அன்று அவர் எடுத்த ஓட்டம் 2.

அந்த ஒல்லிப் பையன் இதுவரை காப்டனாக இருந்ததில்லையா என்று தோழரைக் கேட்டோம். ஐந்தாண்டுகளாக அவன்தான் அணியைத் தூக்கி நிறுத்துகிறான், ஆனால் காப்டனாக இருந்ததில்லை என்றார். ஏன் என்று கேட்டோம். தோழர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் நமக்கும் தெரியும், இதைப் படிக்கும் தோழர்களுக்கும் தெரியும்.

அந்தச் சிரிப்போடு பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஒரு மனிதரின் நினைவு நம்மை விட்டு அகலவில்லை. நூறாண்டுகளுக்கு முன் இதே கதையை வாழ்ந்து காட்டியவர் அவர். பெயர் பல்வங்கர் பாலு. இந்திய நாடு கண்ட முதல் பெரும் பந்து வீச்சாளர். அவரைப் பற்றி இன்று நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1876ஆம் ஆண்டு, தார்வாரிலே பிறந்தவர் பாலு. கொங்கணக் கரையிலுள்ள பல்வன் என்ற சிற்றூர் அவருடைய குடும்பத்தின் பூர்வீகம். தோல் பதனிட்டு, செருப்புத் தைத்து வாழ்ந்த வகுப்பு. தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த வகுப்பு. தந்தை புனாவில் பட்டாளத்தில் வேலை செய்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிவிட்டுத் தூக்கியெறிந்த பழைய மட்டையும் பந்தும்தான் பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் கிடைத்த விளையாட்டுச் சாமான்கள். அவற்றை வைத்துக்கொண்டே ஆடக் கற்றார்கள்.

ஏழைச் சிறுவன் எத்தனை நாள் ஆடிக்கொண்டிருக்க முடியும்? அடுப்பெரிய வேண்டுமே! புனாவிலிருந்த பார்சிக்காரர்களின் கிளப் ஒன்றிலே பாலுவுக்கு வேலை கிடைத்தது. மைதானத்தைக் கூட்டுவது, உருளையை இழுப்பது, உறுப்பினர்கள் கேட்டால் பந்து வீசுவது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892இல் வெள்ளைக்காரர்களின் புனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். ஒரு ரூபாய் உயர்வு! வலை கட்ட வேண்டும், கோடு போட வேண்டும், டென்னிஸ் களத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதோடு துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்தும் வீச வேண்டும்.

அந்தத் துரைமார்களிலே கிரெய்க் என்றொருவர். மட்டை பிடிப்பதிலே மன்னர் என்று பெயர் வாங்கியவர். எல்லாருக்கும் முன்னதாகவே மைதானத்துக்கு வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்வார். தம்மை அவுட் ஆக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்றொரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அந்த வலையிலே மணிக்கணக்காக வீசி வீசித்தான் பாலுவின் இடக்கை பழகியது. பந்தைச் சுழல விடுவார், வேகத்தை மாற்றுவார், விழும் இடத்தை மாற்றுவார், கை அசைவில் மட்டும் மாற்றம் தெரியாது. எதிரே நிற்பவர் திகைப்பார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நூற்றுக்கணக்கான மணி நேரம் பந்து வீசிய அந்தச் சிறுவன் கையிலே ஒருநாள்கூட மட்டையைக் கொடுத்ததில்லை அந்தத் துரைமார்கள். வீசுவது உழைப்பு, வேர்வை சிந்தும் வேலை. அது வேலைக்காரனுக்கு. அடிப்பது ஆனந்தம். அது எசமானருக்கு. ஆட்டத்திலும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரன் அப்படி நடந்தான், நம்மவர்கள் எப்படி நடந்தார்கள் என்று கேட்பீர்கள். அதையும் சொல்கிறோம்.

வெள்ளைக்காரர்களை ஆட்டத்தில் வீழ்த்த வேண்டும் என்ற ஆசை புனாவின் இந்துக்கள் கிளப்புக்கு வந்தது. வீழ்த்துவதற்கு வல்லவன் ஊரிலேயே இருக்கிறான். ஆனால் அவன் தீண்டத்தகாதவன்! சேர்ப்பதா, விடுவதா? பார்ப்பன உறுப்பினர்கள் பலர் தயங்கினார்கள். வாதம் நடந்தது. கடைசியில் வெற்றி ஆசை வென்றது. பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் தெரியுமா? ஆடுகளத்திலே பாலு தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். ஆட்ட இடைவேளையில் மற்றவர்களுக்குக் கொட்டகைக்குள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர்; பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டு உடைத்தெறியும் மண் குவளையில் தேநீர். முகம் கழுவ வேண்டுமென்றால் தீண்டத்தகாத ஆள் ஒருவன்தான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவான். சாப்பாடு தனித் தட்டிலே, தனி மேசையிலே. பந்துக்கு மட்டும் தீட்டு இல்லை! அதை விட்டால் வெற்றி இல்லையே. ஆகவே அதற்குத் தீட்டு இல்லை!

பாலு ஒரு வார்த்தை பேசவில்லை. பந்து வீசினார். புனாவின் வெள்ளையர் அணி தோற்றது. சத்தாராவிலே வெள்ளையர் ஜிம்கானாவை எதிர்த்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஊர் அவரைக் கொண்டாடியது. நீதிபதி ரானடே பொதுக்கூட்டத்திலே அவருக்கு மாலை போட்டார். கூட ஆட முடியுமென்றால் கூட உண்ணவும் பருகவும் முடியும்தானே என்று அந்த அணியினரைப் பார்த்துக் கேட்டதாக வரலாறு சொல்கிறது. இன்னொரு கூட்டத்திலே திலகரே பாராட்டினார். மாலை விழுந்தது, மண் குவளை உடனே மறைந்துவிடவில்லை.

பிறகு புனாவிலே பிளேக் நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கும் இந்து ஜிம்கானாவில் சேர்ப்பதற்கு முன் அதே முணுமுணுப்பு, அதே எதிர்ப்பு. அணித் தலைவர் கீர்த்திகர் வாதாடி அவரைச் சேர்த்தார். பிழைப்புக்கு ரயில்வேயில் வேலை. ரயில்வேத் தொழிலாளியாக உழைத்துக்கொண்டேதான் நாட்டின் முதல்தரப் பந்து வீச்சாளராக விளங்கினார் என்பதை நம் தொழிலாளத் தோழர்கள் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் பம்பாயின் பெரிய ஆட்டப் போட்டி மதவாரியாக நடந்தது. ஐரோப்பியர் ஓர் அணி, பார்சிகள் ஓர் அணி, இந்துக்கள் ஓர் அணி. 1912 முதல் முஸ்லிம்களும் ஓர் அணி. மதத்துக்கொரு அணி என்ற இந்த முறை தவறு என்று பிற்காலத்தில் பலர் போராடினார்கள். 1946க்குப் பிறகு அது ஒழிந்தது.

1906 பிப்ரவரி. ஐரோப்பியரும் இந்துக்களும் மோதினார்கள். ஆண்டவனே எங்கள் பக்கம் என்று எண்ணியிருந்த ஆளும் இனம் 109 ஓட்டங்களில் தோற்றது! பாலு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 8 விக்கெட்டுகளை வீழ்த்தினார். தம்பி சிவராமும் அணியில் இருந்தார். பம்பாயில் இவர்கள் மற்றவர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்ணும் நிலையும் ஏற்பட்டிருந்தது. இந்தச் செய்தியைப் பெரிதாக எடுத்து எழுதிய ஏடு எது தெரியுமா? இந்தியன் சோஷியல் ரிபார்மர். அதன் ஆசிரியர் யார் தெரியுமா? நம் தஞ்சைத் தரணியிலே பிறந்த காமாட்சி நடராசன்! சாதிக் கட்டு தளர்வதற்கு இந்த ஆட்டம் ஓர் அடையாளம் என்று அந்த ஏடு மகிழ்ந்தது. கொள்ளிடத்துக்குத் தென்கரையில் பிறந்த ஒருவர் பம்பாயிலே இருந்து பாலுவுக்காகப் பேனா பிடித்தார் என்பதில் நமக்கும் பெருமைதான்.

1911இலே இந்திய அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தலைவர் யார்? பாட்டியாலா மகாராசா பூபேந்திர சிங். வயது 19. பாலுவுக்கு அப்போது வயது 35. மகாராசா சில ஆட்டங்களில் மட்டும் ஆடினார். மற்ற நேரமெல்லாம் விருந்தும் வைபவமும். ஆட்டத்தின் சுமை யார் தோளில் விழுந்தது? வலியெடுத்த தோள்தான் பாலுவுக்கு. அந்தத் தோளோடு அந்தப் பயணத்திலே 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஓர் இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகள். லங்காஷயரை எதிர்த்து 7. லீஸ்டர்ஷயரை எதிர்த்து இரண்டு இன்னிங்ஸிலும் 11. அந்த ஆட்டத்தில் இந்தியர் வென்றார்கள். ஆடிய 23 ஆட்டங்களில் வென்றவை 6 மட்டுமே. அணி தோற்றுத் திரும்பியது. பாலு புகழோடு திரும்பினார்.

பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பு விழா எடுத்தார்கள். தம்மவர் ஒருவர் சீமைக்குப் போய்ச் சீமைக்காரர்களையே வீழ்த்திவிட்டு வந்திருக்கிறார் அல்லவா? அந்த விழாவிலே வரவேற்பு மடலை அளித்தவர் ஓர் இளம் மாணவர். வயது 20. பெயர் பீமராவ் அம்பேத்கர்! ஒடுக்கப்பட்ட மக்களின் உள்ளத்தில் பாலு எவ்வளவு உயரத்தில் இருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம்.

இவ்வளவு திறமை, இவ்வளவு அனுபவம், இவ்வளவு வெற்றி. இந்து அணிக்குத் தலைவராக யாரை நியமித்திருக்க வேண்டும்? குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு தலைமை வேறு கைகளுக்கே போயிற்று. 1913இலே தலைவரானவர் பாய் என்ற பார்ப்பன ஆட்டக்காரர். நல்ல மனிதர். தமக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, இந்தப் பெருமை தம்மைவிட மூத்தவரும் அனுபவசாலியுமான நண்பர் பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று மனந்திறந்து சொன்னார். சொன்னவர் தலைவரே. கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள். ஆனால் பதவி பாலுவிடம் வரவில்லை.

ஏன்? பந்து வீசுவது என்றால் கட்டளைக்குக் கீழ்ப்படிவது. தலைவன் என்றால் கட்டளை இடுவது. நீ அங்கே நில், நீ இங்கே வா என்று உயர்சாதி இளைஞனைப் பார்த்து, செருப்புத் தைக்கும் வகுப்பில் பிறந்தவன் சொல்வதா? மண் குவளையைக்கூட மாற்றிவிட்டார்கள். இதை மாற்ற மனம் வரவில்லை. கூட உட்கார வைப்பது எளிது, தோழர்களே! அவன் சொல்லுக்குக் கீழே நிற்பதுதான் கடினம்.

இந்த நோய் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமா? இல்லை. அமெரிக்காவிலே கால்பந்து என்ற பெயரில் வேறொரு ஆட்டம் ஆடுகிறார்கள். நம் ஊர்க் கால்பந்து அல்ல. அதிலே குவார்ட்டர்பேக் என்றோர் இடம். பந்து முதலில் அவன் கைக்கு வரும். யார் எங்கே ஓடுவது, யாருக்குப் பந்து போவது என்று தீர்மானிப்பவன் அவன். அணியின் மூளை. பிரிட்ஸ் பொல்லார்ட் என்ற கறுப்பு வீரர் 1920இலே ஆக்ரன் அணியோடு முதல் சாம்பியன் பட்டம் பெற்றார். 1921இலே பயிற்சியாளராகவும் ஆனார். 1923இலே அந்த மூளையான இடத்திலும் நின்று ஆடினார். பிறகு? 1934 முதல் 1945 வரை அந்தத் தேசியக் கழகத்தின் ஆட்டங்களில் ஒரு கறுப்பருக்குக்கூட இடமில்லை! 1946இலே கதவு திறந்தது. அப்போதும் ஓடுவதற்குக் கறுப்பன் வேண்டும், மோதுவதற்குக் கறுப்பன் வேண்டும். குவார்ட்டர்பேக் இடத்துக்கு மட்டும் அவனுக்கு அறிவு போதாது என்றார்கள். டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பு வீரர் அந்த இடத்தில் நின்று அந்நாட்டின் பெரிய கோப்பையை வென்று காட்ட 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிறத்தின் பெயரால் அங்கே. பிறப்பின் பெயரால் இங்கே. உழைக்க வா, ஆள வராதே என்பதுதான் இரண்டு நாட்டிலும் பேச்சு!

மீண்டும் பம்பாய்க்கு வருவோம். 1920. பாலுவுக்கு வயது 44. அந்த ஆண்டு அவரை அணியிலிருந்தே நீக்கினார்கள். தலைமையையும் அவருடைய தம்பிகளைத் தாண்டி, அவர்களைவிட இளையவரான தேவதருக்குக் கொடுத்தார்கள். அண்ணன் பொறுத்தார், தம்பிகள் பொறுக்கவில்லை. சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். காரணத்தைப் பத்திரிகை வாயிலாக நாடறியச் சொன்னார்கள். சாதியினால்தான் எங்கள் குடும்பத்துக்கு இந்த அவமானம் என்று பச்சையாகச் சொன்னார்கள். ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வான், ஆட்டக்காரன் செய்வானா? செய்தார்கள்! தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்று அந்த நாளிலே மேடைதோறும் பேச்சு. மேடையிலே ஒழிப்பீர்கள், மைதானத்திலே வளர்ப்பீர்களா என்ற கேள்வி எழுந்தது. நிருவாகம் இறங்கி வந்தது. பார்சிகளோடு நடந்த இறுதி ஆட்டத்துக்குப் பாய் தலைவர், பாலு உபதலைவர், தம்பிகள் இருவரும் அணியிலே! ஆட்டத்தின் நடுவே பாய் களத்தை விட்டு வெளியே போனார். சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார்.

சிறிது நேரம்! வாழ்நாள் முழுதும் உழைத்தவருக்குக் கிடைத்தது அதுதான். முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179. முழு ஆட்டத் தலைமை ஒன்றுகூட இல்லை.

ஆனால் அந்த வேலைநிறுத்தம் வீண்போகவில்லை. 1923இலே தம்பி விட்டல் இந்து அணியின் தலைவரானார். அந்த ஆண்டே கோப்பையை வென்றார். மக்கள் அவரைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஆடினார்கள். உயர்சாதித் தோள்களும் அதிலே இருந்தன. அண்ணன் விதைத்தது தம்பி கையிலே விளைந்தது.

பாலுவின் பிற்கால அரசியலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1932 புனா ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். நம் சென்னையைச் சேர்ந்த எம். சி. ராஜாவும் ஒருவர். 1937இலே பம்பாய்ச் சட்டசபைத் தேர்தல். அம்பேத்கர் நின்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் யார்? பாலு! 1911இலே தமக்கு வரவேற்பு மடல் அளித்த அதே இளைஞரை எதிர்த்து நின்றார். சுமார் 2,000 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அவர் மனமுவந்துதான் நின்றிருக்கலாம். காந்தியாரிடத்தில் அவருக்குப் பற்று உண்டு. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவரை அங்கே நிறுத்தியவர்களைப் பார்த்துக் கேட்கத் தோன்றுகிறது. வெள்ளையனை வீழ்த்த வேண்டிய நாளில் அவர் கையிலே பந்தைக் கொடுத்தீர்கள். அம்பேத்கரை வீழ்த்த வேண்டிய நாளிலும் அவர் கையிலே பந்தைக் கொடுத்தீர்கள். தலைமையை எந்த நாளில் கொடுத்தீர்கள்?

1955 ஜூலையிலே பம்பாயில் பாலு மறைந்தார். வயது 79.

தோழர்களே! இந்தக் கதையை யாரையோ பழிப்பதற்காக நாம் எழுதவில்லை. பழிப்பது எளிது. கண்ணாடியை நம் பக்கம் திருப்புவோம். கூட்டத்துக்கு முதல் நாள் இரவெல்லாம் விழித்துச் சுவரொட்டி ஒட்டுகிறவர் யார்? கம்பம் நட்டுக் கொடி கட்டுகிறவர் யார்? ஊர்வலத்தில் முழக்கமிட்டுத் தொண்டை கட்டிக்கொள்கிறவர் யார்? கிளைத் தேர்தல் வரும்போது செயலாளர் பெயராக நம் வாயில் வருவது யாருடைய பெயர்? ஒவ்வொரு கிளையும் இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். பெயர்கள் பொருந்தினால் மகிழ்வோம். பொருந்தாவிட்டால், 3 ரூபாய்க்கு மைதானம் கூட்டிய அந்தச் சிறுவன் நம்மைப் பார்த்தும் கேட்கிறான் என்று பொருள். மாலை போட்டுவிட்டோம், மேடையில் பாராட்டிவிட்டோம் என்று நாம் தப்பிக்க முடியாது. ரானடே போட்டார், திலகர் பாராட்டினார், பதவி வரவில்லை.

ஒதுக்கப்படும் தோழருக்கும் ஒரு சொல். பாலுவின் திறமை அவருக்குப் புகழைத் தந்தது. ஆனால் தலைமைக்கு வழி திறந்தது தம்பிகளின் மறுப்பு. திறமையும் வேண்டும், கேட்கும் துணிவும் வேண்டும், கேட்கிறவனுக்குப் பக்கத்தில் நிற்க ஆளும் வேண்டும். அந்த ஆள் நாமாக இருப்போம்.

திருமானூர்த் தோழருக்கு இதை எழுதியனுப்பியிருக்கிறோம். அந்த ஒல்லி இளைஞனைத் தேடிப் பிடித்துப் படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறோம். வெள்ளைச் சட்டைக் காப்டனுக்கும் சேர்த்துத்தான். அவரும் பாயைப் போல் நல்லவராக இருக்கலாம். ஆனால் பாயைப் போல் சொல்லிவிட்டு மட்டும் நின்றுவிடக் கூடாது. அடுத்த கோடையில் கொள்ளிடம் வற்றியதும் அந்தப் படுகைக்கு மறுபடியும் போவோம். கோப்பையை வாங்க யார் முன்னே போகிறார் என்று பார்ப்போம்.